எல்லை தாண்டிய பல்கலைக்கழகக் கூட்டாய்வு: நிலைத்தன்மை அறிவியலில் இறங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுடன் சேர்ந்து காற்று, நீர், மண், கடல் குறித்து ஆய்வு செய்ய விரும்பும் முனைவர் பட்ட மாணவர்களுக்காகவும் இளம் பேராசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். 1999-இல் இந்தியப் பெருங்கடலின் மேல் நடந்த ஒரு பெரிய கூட்டாய்வு பதில்களில் பலமுறை வரும். கூட்டாய்வால் என்ன சாதிக்க முடியும், அது எங்கே புண்படுத்தும் என்ற இரண்டையும் இவ்வளவு தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு நம் பகுதியில் வேறில்லை என்பது என் எண்ணம்.

நிலைத்தன்மை அறிவியல் என்பது சுற்றுச்சூழல் அறிவியலுக்கு வைத்த புதுப் பெயர்தானா?

இரண்டுக்கும் உறவு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் ஸ்வீடனில் உள்ள ஃப்ரீபெர்க் என்ற இடத்தில் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடிப் பேசினார்கள். அந்தப் பேச்சின் விளைவாக 2001-இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. ராபர்ட் கேட்ஸ், வில்லியம் கிளார்க் உள்ளிட்ட 23 பேர் சேர்ந்து எழுதியது அது. இயற்கைக்கும் சமூகத்துக்கும் இடையில் நடக்கும் கொடுக்கல் வாங்கலையே ஆய்வுப் பொருளாகக் கொள்ள வேண்டும் என்று அவர்கள் வாதிட்டார்கள்.

கிராமத்து அடுப்புப் புகையை எடுத்துக்கொள்ளுங்கள். புகையில் என்னென்ன துகள்கள் இருக்கின்றன என்று பார்ப்பது வேதியியல். அது மழையை எப்படிப் பாதிக்கிறது என்று பார்ப்பது வானிலையியல். அந்த வீட்டுப் பெண் ஏன் இன்னும் விறகையும் வரட்டியையும் எரிக்கிறார், எரிவாயு உருளை வாங்கினால் மாதக் கடைசியில் அவர் கையில் என்ன மிஞ்சும், புது அடுப்பு அவருடைய சமையலுக்கு ஒத்துவருமா என்று சேர்த்துக் கேட்கும்போதுதான் நிலைத்தன்மை அறிவியல் தொடங்குகிறது. ஒரு துறையால் இத்தனைக்கும் பதில் சொல்ல முடியாது. பல சமயங்களில் ஒரு நாட்டாலும் முடியாது.

இப்படிப்பட்ட கூட்டணிகள் ஏற்கெனவே பல உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி., சுவிட்சர்லாந்தின் ஈ.டி.எச். சூரிக், டோக்கியோ பல்கலைக்கழகம் ஆகியவை 1997-இலேயே இதற்காகக் கை கோத்தன. சென்னை ஐ.ஐ.டி.யில் 2010 முதல் இந்திய-ஜெர்மன் நிலைத்தன்மை மையம் இயங்குகிறது.

நம் ஊர்ப் பிரச்சினையை நாமே ஆராய்ந்துகொள்ளலாமே? வெளிநாட்டுத் துணை எதற்கு?

பல பிரச்சினைகளுக்குத் துணை தேவையில்லை. உங்கள் ஊர் ஏரி ஏன் வற்றியது என்பதைக் கண்டுபிடிக்க அந்த ஏரியின் வரத்துக்கால்வாயை நடந்து பார்த்தவர்களே போதும். வெளிநாட்டுப் பெயர் ஒன்று திட்ட அறிக்கையில் இருந்தால் மதிப்புக் கூடும் என்பதற்காகக் கூட்டாய்வு தேடுவது காலத்தை வீணாக்கும் வேலை.

பிரச்சினையே எல்லையைத் தாண்டிப் போகும்போது நிலைமை மாறுகிறது. பாக் நீரிணையில் இந்தியாவும் இலங்கையும் 1974-இலும் அதை அடுத்த கடற்பகுதிகளில் 1976-இலும் எல்லைக்கோடு வகுத்துக்கொண்டன. அங்கே கடற்புல் மேயும் கடற்பசுவுக்கு அந்தக் கோடு தெரியாது. தமிழ்நாடு அரசு 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது, நல்ல செய்தி. ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் அதே விலங்குக்கு என்ன ஆகிறது என்று தெரியாமல் இந்தப் பக்கத்துக் கணக்கு முழுமை பெறாது. காற்றில் மிதக்கும் துகள்களுக்கும் இதே நிலைதான்.

இன்னொரு காரணம் கருவிகள். சில அளவீடுகளைச் செய்யும் ஆய்வகங்கள் உலகில் மிகச் சிலவே. அவற்றைத் தேடிப் போவதில் வெட்கப்பட ஏதுமில்லை. மாதிரியோடு கேள்வியையும் அவர்களிடம் ஒப்படைத்துவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் பகுதியில் நடந்த பெரிய கூட்டாய்வு ஒன்றைச் சொல்ல முடியுமா?

'இண்டோயெக்ஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தியப் பெருங்கடல் பரிசோதனை. அதன் உச்சக்கட்டக் களப்பணி 1999 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்தது. தலைமை தாங்கிய இருவரில் ஒருவர் வீரபத்ரன் ராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் வழியாக அமெரிக்கா சென்று, கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் பேராசிரியரானவர். குளிர்பதன வாயுக்களாகப் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்கள் பூமியைக் கடுமையாகச் சூடேற்றும் என்று 1975-இலேயே காட்டியவர். இன்னொருவர் ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தின் பால் க்ரூட்ஸன், 1995-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். இந்தியத் தரப்பை வழிநடத்தியவர் மூத்த இயற்பியலாளர் ஏ.பி. மித்ரா. அமெரிக்க, ஐரோப்பிய, இந்திய, மாலத்தீவு ஆய்வாளர்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள்.

இந்தக் கடலை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்கு வலுவான காரணம் இருந்தது. குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று துணைக்கண்டத்தின் புகையையும் தூசியையும் கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. தெற்கே, நிலநடுக்கோட்டை ஒட்டி, அண்டார்க்டிகா பக்கமிருந்து வரும் தூய காற்று அதைச் சந்திக்கிறது. அழுக்குக் காற்றும் சுத்தமான காற்றும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இடம் உலகில் அரிது. இரண்டையும் ஒரே கப்பல் பயணத்தில் அளந்து ஒப்பிடலாம்.

மாலத்தீவின் காஷிதூ தீவில் ஓர் ஆய்வு நிலையம் எழுந்தது. இந்தியாவின் 'சாகர் கன்யா'வும் அமெரிக்காவின் 'ரொனால்ட் பிரவுன்' கப்பலும் கடலில் அளந்தன. மேலே ஆய்வு விமானங்கள் பறந்தன, அதற்கும் மேலே செயற்கைக்கோள்கள் பார்த்தன. கிடைத்த காட்சி எல்லோரையும் திகைக்க வைத்தது. சுமார் 3 கிலோமீட்டர் உயரம் வரை, ஏறத்தாழ ஒரு கோடி சதுர கிலோமீட்டர் பரப்பில் பழுப்பு நிறப் படலம் கவிந்திருந்தது. அதிலிருந்த துகள்களில் பெரும்பகுதி மனிதச் செயல்களால் வந்தவை. கடல் மேற்பரப்பில் விழும் சூரிய ஒளியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை அந்தப் படலம் குறைத்தது. அதிலிருந்த புகைக்கரி ஒளியை உறிஞ்சி நடுவிலுள்ள காற்றைச் சூடாக்கியது. கீழே குளிர்ச்சி, நடுவே வெப்பம். கடல்நீர் ஆவியாவதையும் மேகம் உருவாவதையும் நம்பி நிற்கும் பருவமழை நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி!

எந்த ஒரு நாடும் தனியாக இதைப் பார்த்திருக்க முடியாது.

அந்த ஆய்வு இந்தியாவில் பெரிய எதிர்ப்பைக் கிளப்பியதாகச் சொல்கிறார்களே?

ஆமாம். கூட்டாய்வில் இறங்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய அத்தியாயம் அது.

2002 ஆகஸ்டில், ஜோகன்னஸ்பர்க் உலக மாநாட்டுக்குச் சற்று முன்பு, ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் இந்த முடிவுகளை அடிப்படையாகக் கொண்ட ஓர் அறிக்கையை வெளியிட்டது. அதில் படலத்துக்கு 'ஆசியப் பழுப்பு மேகம்' என்று பெயர் சூட்டப்பட்டிருந்தது. உலகப் பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. ஆசியாவின் அடுப்புகளே பருவநிலையைக் கெடுக்கின்றன என்ற தொனி பரவியது. நூற்றாண்டுகளாக நிலக்கரியும் எண்ணெயும் எரித்த நாடுகள் பேசாமல் இருக்க, குற்றவாளிக் கூண்டில் ஏழை நாடுகள் நிறுத்தப்பட்டதாக இந்தியாவில் கோபம் எழுந்தது. அரசும் அதிருப்தி தெரிவித்தது.

அறிவியல் தளத்தில் எழுந்த எதிர்ப்பு இன்னும் கூர்மையானது. இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜே. ஸ்ரீனிவாசனும் சுலோசனா காட்கிலும் அதே ஆண்டு 'கரன்ட் சயன்ஸ்' இதழில் விரிவான மறுப்பு எழுதினார்கள். படலம் ஆண்டு முழுவதும் இருப்பதல்ல, வறண்ட மாதங்களில் வருவது. பருவமழையின்மேல் அதன் விளைவு என்று சொல்லப்பட்டவை இன்னும் உறுதிப்படவில்லை. இப்படிப்பட்ட படலங்கள் உலகின் பிற பகுதிகளிலும் உண்டு. இவை அவர்கள் வாதத்தின் சாரம். ராமநாதன், க்ரூட்ஸன், மித்ரா உள்ளிட்டோர் அதே இதழில் பதில் எழுதினார்கள். பின்னர் பெயரிலிருந்து 'ஆசிய' போய், 'வளிமண்டலப் பழுப்பு மேகங்கள்' ஆயிற்று.

இருதரப்பிலும் நேர்மையான ஆய்வாளர்கள் இருந்தார்கள். அளவீட்டை யாரும் பொய் என்று சொல்லவில்லை. சண்டை வந்தது அளவீட்டுக்கு மேலே கட்டப்பட்ட பொருளைப் பற்றி: அதற்கு என்ன பெயர், எந்த மேடையில் முதலில் சொல்வது, எந்த அளவு உறுதியோடு சொல்வது, யாரைக் காரணம் காட்டுவது. இந்த நான்கும் களப்பணி தொடங்குவதற்கு முன்பே பங்காளிகள் எல்லோரும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டியவை என்பது என் உறுதியான கருத்து. பெயர்ப் பட்டியலில் இந்தியர்கள் இருந்தார்கள். இருந்தாலும் முடிவு உலகத்துக்கு அறிவிக்கப்பட்ட விதம் இந்திய அறிவியல் சமூகத்தின் பெரும்பகுதிக்கு வெளியிலிருந்து வந்து விழுந்ததாகவே பட்டது.

அதோடு கூட்டு முறிந்துவிட்டதா?

இல்லை. அதற்குப் பிறகு நடந்தவை இன்னும் நல்ல ஆய்வுகள்.

மாலத்தீவின் ஹனிமாதூ தீவில் நிரந்தர நிலையம் வந்தது. 2006 மார்ச்சில் ஆளில்லா சிறு விமானங்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக, படலத்துக்குக் கீழே, உள்ளே, மேலே என்று ஒரே நேரத்தில் பறக்கவிட்டார்கள். படலம் கீழ் வளிமண்டலத்தில் சூரிய ஒளியால் ஏற்படும் வெப்பத்தை ஏறத்தாழ 50 சதவீதம் கூட்டுகிறது என்பது நேரடியாக அளக்கப்பட்டது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2009-இல் வந்தது. படலத்தின் கரி எங்கிருந்து வருகிறது, விறகு அடுப்பிலிருந்தா, டீசல் எஞ்சினிலிருந்தா என்பதில் முன்பு ஆளுக்கொரு கணக்கு இருந்தது. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் ஓர்யான் குஸ்தாஃப்ஸன் குழு, புனே அருகேயுள்ள சிங்ககட் மலையிலும் ஹனிமாதூவிலும் குளிர்காலக் காற்றை வடிகட்டி எடுத்த துகள்களில் கார்பன்-14 அளவைப் பார்த்தது. கார்பன்-14-இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5,730 ஆண்டுகள். அண்மையில் வளர்ந்த மரத்திலும் வைக்கோலிலும் அது இருக்கும். பல கோடி ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் துளியும் மிஞ்சியிருக்காது. கார்பன் கொண்ட துகள்களில் மூன்றில் இரண்டு பங்கு விறகு, சாணம், பயிர்க்கழிவு போன்றவை எரிவதால் வந்தது என்று தெரிந்தது. புகைக்கரியை மட்டும் எடுத்துக்கொண்டால், அளக்கும் முறையைப் பொறுத்து, பாதி முதல் மூன்றில் இரண்டு வரை. அந்தக் கட்டுரையில் இந்திய ஆய்வாளர்களின் பெயர்களும் உண்டு. கருவி ஒரு நாட்டில், மலை இன்னொரு நாட்டில், தீவு மூன்றாவது நாட்டில்.

இந்தியா தன் சொந்தப் பலத்தையும் பெருக்கிக்கொண்டது. இஸ்ரோவின் திட்டத்தின் கீழ் நாடு முழுதும் துகள் அளவீட்டு நிலையங்கள் வளர்ந்தன. 2006-இல் நிலம், கடல், வானம் மூன்றிலும் இந்திய ஆய்வாளர்களே பெரிய களப்பணி நடத்தினார்கள். 2011-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களை இணைத்து, கார்பன் துகள்களுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. ராமநாதன் தரப்பில் 'சூர்யா' என்ற திட்டம் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் அடுப்பு மாற்றத்தையும் புகைக்கரி அளவீட்டையும் சேர்த்துச் செய்தது. வானத்தில் தொடங்கிய கேள்வி அடுக்களைக்கு வந்து சேர்ந்தது, வர வேண்டிய இடமும் அதுதான்.

'ஹெலிகாப்டர் ஆய்வு' என்கிறார்களே, அது என்ன?

பணக்கார நாட்டு ஆய்வாளர் வந்து இறங்குகிறார். மாதிரி எடுக்கிறார், புறப்பட்டுப் போகிறார், கட்டுரை எழுதுகிறார். மாதிரி எடுக்க உதவியவர் பெயர் நன்றியுரையில்கூட வராமல் போகலாம். 'பாராசூட் அறிவியல்' என்றும் இதைச் சொல்வார்கள். இலங்கையின் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் இதைப் பற்றித் தொடர்ந்து எழுதியும் பேசியும் வருகிறார். இலங்கைக் கடலின் நீலத் திமிங்கிலங்களை ஆராய்ந்தவர், உள்ளூர் ஆய்வாளர்களை வளர்ப்பதற்காக ஓஷன்ஸ்வெல் என்ற அமைப்பைத் தொடங்கியவர். உலகக் கடற்கரையின் பெரும்பகுதி வளரும் நாடுகளில் இருக்கிறது, அங்கே வாழ்பவர்களை விட்டுவிட்டுக் கடலைக் காப்பாற்ற முடியாது என்பது அவருடைய நிலைப்பாடு.

2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு பவளப்பாறை ஆராய்ச்சியில் இதை எண்ணிப் பார்த்தது. இந்தோனேசியாவிலும் பிலிப்பீன்ஸிலும் நடந்த ஆய்வுகளைப் பற்றி ஐம்பது ஆண்டுகளில் வந்த கட்டுரைகளில் 22 சதவீதத்தில் அந்நாட்டு ஆய்வாளர் ஒருவர்கூட இல்லை.

இதைத் தடுக்க விதிகள் உண்டா?

சட்டமாக அல்லாமல் நெறிமுறைகளாக உண்டு. தென்னாப்பிரிக்காவின் பழங்குடியான சான் மக்கள், மரபணு ஆய்வாளர்களால் பட்ட கசப்புக்குப் பிறகு, 2017-இல் தங்களுக்கென்று ஒரு நெறிமுறையை வெளியிட்டார்கள். ஆராயப்பட்ட மக்களே ஆய்வாளருக்கு விதி எழுதிய அந்தச் செயலை நான் பெரிதாக மதிக்கிறேன். 2018-இல் வளம் குறைந்த இடங்களில் ஆய்வு செய்வோருக்கான உலக நடத்தை நெறி வந்தது. நியாயம், மரியாதை, அக்கறை, நேர்மை என்ற நான்கு மதிப்புகளின்மேல் எழுதப்பட்டது அது. ஐரோப்பிய ஆணையம் அதை ஏற்றுக்கொண்டதால், அங்கிருந்து வரும் திட்டங்களில் நீங்கள் அதை மேற்கோள் காட்டி உரிமையோடு பேசலாம். 2022-இல் கேப்டவுனில் நடந்த ஆய்வு நேர்மை மாநாட்டிலிருந்தும் ஓர் அறிக்கை வந்தது. சமமற்ற கூட்டு என்பது நேர்மைக் குறைவு என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது.

ஒப்பந்தத்தில் எதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும்?

முதலில் ஒரு தெளிவு. துணைவேந்தர்கள் கையெழுத்திட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஒரு நல்லெண்ணக் கடிதம் மட்டுமே. உங்களைக் காப்பது அதன் கீழ் எழுதப்படும் திட்ட ஒப்பந்தம். பல கல்லூரிகளில் முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

திட்ட ஒப்பந்தத்தில் ஆய்வுக் கேள்வியை யார் வகுத்தார்கள் என்பது தெரிய வேண்டும். எதிர்த்தரப்பு கேள்வியை முடிவு செய்துவிட்டு உங்களைக் களத்துக்கு மட்டும் அழைத்தால், அதைத் திருத்தும் உரிமை கேளுங்கள். கிடைக்காவிட்டால் விலகுங்கள். மற்ற எல்லாக் குறைகளையும் பின்னால் சரிசெய்யலாம், இதைச் சரிசெய்ய முடியாது.

தரவின் முழுப் பிரதி உங்கள் பல்கலைக்கழகச் சேமிப்பிலும் இருக்க வேண்டும். எந்த நாளிலிருந்து எல்லோருக்கும் திறந்துவிடுவது என்பதை எழுதுங்கள். உங்கள் மாணவர் முனைவர் பட்ட ஆய்வேட்டை முடிக்கும் முன் தரவு வெளியானால், வேகமான கணினியும் பெரிய குழுவும் உள்ளவர் முந்திக்கொள்வார். மாதிரிகளில் மிச்சம் இருந்தால் திரும்பி வருமா, வேறு ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா என்று எழுதுங்கள். கருவி திட்டத்தோடு வந்தால், திட்டம் முடிந்த பின் அது யாருடையது, பழுது பார்க்க யார் பணம் தருவார்கள் என்று எழுதுங்கள். இண்டோயெக்ஸ் கதையை நினைவில் வைத்து இன்னொரு வரியும் சேருங்கள்: செய்தி அறிக்கை வெளியாகும் முன் எல்லாப் பங்காளிகளும் அதைப் படித்து ஒப்புதல் தர வேண்டும்.

கட்டுரையில் பெயர் வரிசையை எப்படி முடிவு செய்வது?

தொடக்கத்திலேயே பேசுங்கள், மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். மருத்துவ இதழ்களின் பன்னாட்டுக் குழு வகுத்த அளவுகோல் பல துறைகளில் பயன்படுகிறது. அதன்படி ஆய்வை வடிவமைத்தலிலோ தரவிலோ உண்மையான பங்கு இருக்க வேண்டும், எழுத்திலும் பங்கு இருக்க வேண்டும், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தர வேண்டும், அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. களப்பணி முழுவதையும் செய்தவருக்கு எழுதும் வாய்ப்பே தராமல் விட்டுவிட்டு, 'எழுத்தில் பங்கு இல்லையே' என்று பெயரை நீக்க முடியும். வரைவு உங்களுக்கு வரும் தேதியைக் கேட்டு வாங்குங்கள். பல இதழ்கள் இப்போது 14 வகைப் பங்களிப்புகளைக் கொண்ட பட்டியலில் யார் எதைச் செய்தார் என்று குறிக்கச் சொல்கின்றன. களப்பணியும் தரவுப் பராமரிப்பும் அங்கே தனித்தனியாகக் கணக்கில் வரும்.

மண், செடி, நுண்ணுயிர் மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாமா?

உயிரியல் வளம் என்றால் கவனம் தேவை. இந்தியாவின் உயிரியல் பன்மைச் சட்டம், 2002 (2023-இல் திருத்தப்பட்டது) வெளிநாட்டவர் ஆய்வுக்காக உயிரியல் வளத்தைப் பெறுவதற்கு முன் தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் ஒப்புதலைக் கோருகிறது. ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. மத்திய அரசின் வழிகாட்டுதலுக்கு உட்பட்டு, அரசு ஒப்புதல் பெற்ற கூட்டாய்வுகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் உங்கள் திட்டம் அந்த விலக்குக்குள் வருகிறது என்பதற்கு எழுத்து மூலமான சான்று கையில் இருக்க வேண்டும். பெட்டியில் வைத்து எடுத்துப் போய்விடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இந்த நடைமுறை தாமதமாகிறது என்ற புலம்பல் எங்கும் உண்டு. தாமதம் உண்மைதான். ஆனாலும், மஞ்சளுக்கும் வேம்புக்கும் வெளிநாடுகளில் காப்புரிமை கொடுக்கப்பட்டு அதை எதிர்த்துப் போராட வேண்டியிருந்த நாட்டில் இப்படி ஒரு வாசல் இருப்பது அவசியம். திட்ட அட்டவணையில் இதற்கான மாதங்களை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். இலங்கையிலும் காட்டுயிர் ஆய்வுக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

கடலில் ஆய்வு செய்ய?

ஐ.நா. கடற்சட்ட ஒப்பந்தத்தின்படி, ஒரு நாட்டின் 200 கடல் மைல் பொருளாதார மண்டலத்தில் பிற நாட்டார் ஆய்வு செய்ய அந்த நாட்டின் இசைவு தேவை. குறைந்தது ஆறு மாதங்களுக்கு முன்பே விவரம் தர வேண்டும். கடலோர நாட்டின் ஆய்வாளர்கள் கப்பலில் ஏறிப் பங்கேற்கவும், தரவையும் முடிவையும் பெறவும் உரிமை உண்டு. இந்தக் கடைசி உரிமையை நம் ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. கப்பலில் இடம் கேளுங்கள். மாணவர் ஒருவருக்கு மூன்று வாரம் கப்பலில் கிடைக்கும் பயிற்சி எந்த வகுப்பறையிலும் கிடைக்காது.

பணம் எங்கிருந்து வரும்?

வழிகள் பல, விதிகள் அடிக்கடி மாறும், ஆகவே ஒவ்வோர் அழைப்பின் நிபந்தனையையும் அந்தந்த ஆண்டு படியுங்கள்.

கோபேயைத் தலைமையிடமாகக் கொண்ட உலகளாவிய மாற்ற ஆய்வுக்கான ஆசிய-பசிபிக் வலையமைப்பில் இந்தியாவும் இலங்கையும் உறுப்பினர்கள். பல நாடுகள் சேர்ந்து செய்யும் ஆய்வுக்கே அது நிதி தருகிறது. சென்னையும் யாழ்ப்பாணமும் சேர்ந்து விண்ணப்பிக்க ஏற்ற இடம். பெல்மாண்ட் ஃபோரம் என்பது பல நாட்டு நிதி நிறுவனங்களின் கூட்டு. குறைந்தது மூன்று நாடுகளின் குழு வேண்டும், ஒவ்வொரு நாட்டுப் பங்காளிக்கும் அவரவர் நாட்டு நிதியே வரும். இந்தியக் கல்வி அமைச்சகம் 2018-இல் தொடங்கிய 'ஸ்பார்க்' திட்டம் இந்திய, வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கூட்டாய்வுக்கென்றே வந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஹொரைசன் யூரோப்' என்ற ஆய்வு நிதித் திட்டத்தில் இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கு நிதி பெறும் தகுதி உண்டு. இந்தியப் பல்கலைக்கழகங்கள் சேரலாம், ஆனால் பெரும்பாலான அழைப்புகளில் தங்கள் செலவைத் தாங்களே திரட்ட வேண்டும். தனி ஆய்வாளர்களுக்கான மேரி க்யூரி உதவித்தொகை எந்த நாட்டவருக்கும் திறந்தது. போகும் நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது என்பது அதன் முக்கிய நிபந்தனை.

ஆய்வு நடந்த ஊர் மக்களுக்கு என்ன தர வேண்டும்?

முடிவைத் தர வேண்டும், அவர்கள் மொழியில், அவர்கள் ஊரில். ஆங்கில இதழில் வந்த கட்டுரையின் இணைப்பை அனுப்புவது பதில் ஆகாது. கிணற்று நீரில் ஃபுளோரைடு பார்த்தீர்கள் என்றால், எந்தக் கிணறு குடிக்கத் தகுந்தது, எது தகாது என்பதைக் கட்டுரை வரும்வரை மறைத்து வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. ஊராட்சிக் கூட்டத்தில் நின்று சொல்லுங்கள். வெளிநாட்டுப் பங்காளியையும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே எழும் கேள்விகள் எந்தக் கட்டுரை மதிப்பாய்வாளரும் கேட்காதவை. திட்ட மதிப்பீட்டில் இதற்கென்று ஒரு தொகை இல்லாவிட்டால் இது நடக்காது, ஆகவே தொகையை எழுதுங்கள்.

கூட்டங்களுக்காக அடிக்கடி விமானத்தில் பறப்பதே சுற்றுச்சூழலுக்குக் கேடு ஆயிற்றே?

ஆம். மாணவர் ஆறு மாதம் தங்கிக் கற்கும் பயணத்தை வைத்துக்கொண்டு, பேராசிரியர்களின் இரண்டு நாள் கூட்டங்களை இணையத்துக்கு மாற்றுங்கள்.

நான் சிறிய ஊர்க் கல்லூரியில் இருக்கிறேன். என்னோடு யார் சேருவார்கள்? முதல் கடிதத்தில் என்ன எழுதுவது?

உங்களிடம் இருக்கும் செல்வம் இடமும் காலமும். ஒரே குளத்தின் நீர்மட்டத்தை, ஒரே கடற்கரையின் மீன்வரத்தை, ஒரே நிலத்தடி நீரின் உப்பளவைப் பல ஆண்டுகள் விடாமல் பதிந்த குறிப்பேடு உங்களிடம் இருந்தால், பெரிய பல்கலைக்கழகங்கள் பணம் கொடுத்தாலும் பெற முடியாதது அது. முதலில் அதைத் தேதியோடும் அளந்த முறையோடும் ஒழுங்குபடுத்துங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் இந்த மாதம் தொடங்குங்கள்.

பிறகு யாருக்கு எழுதுகிறீர்களோ அவருடைய அண்மைக் கட்டுரை இரண்டைப் படியுங்கள். கடிதம் பதினைந்து வரியைத் தாண்ட வேண்டாம். உங்கள் தரவு என்ன, எத்தனை ஆண்டுக்கானது, அதிலிருந்து எழும் உங்கள் கேள்வி என்ன, அதற்கு அவரிடமுள்ள எந்த முறை உதவும் என்று எழுதுங்கள். 'தங்கள் மேலான வழிகாட்டலில் எந்தத் தலைப்பிலும் பணிபுரியத் தயார்' என்ற வாக்கியத்தை நீக்கிவிடுங்கள், அது உங்களை உதவியாளராக மட்டுமே நிறுத்தும். தரவின் ஒரு வரைபடத்தை இணையுங்கள், முழுத் தரவையும் அனுப்ப வேண்டாம். மூன்று வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு எழுதுங்கள். கொழும்பு, யாழ்ப்பாணம், டாக்கா, காத்மாண்டு பல்கலைக்கழகங்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்மைப் போன்ற மழையையும் வெயிலையும் அளப்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.